தப்பான வெர்ஷன் கடைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால்: நிறுத்துவது முதல் அடுத்த நம்பர் போடுவது வரை

மதுரையில் விளக்குத்தூண், தெற்கு மாசி வீதிப் பக்கமும் மேலூர், உசிலம்பட்டியிலும் உள்ள துணிக்கடைகளுக்குப் பில்லிங் சாப்ட்வேர் எழுதித் தருகிறோம். நாங்கள் 4 பேர், கடைகள் 60 சொச்சம். 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி விகிதங்கள் மாறின. ரெடிமேட் துணியில் ஒரு பீஸ் 2,500 ரூபாய் வரை 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18 என்று ஆனது. அதற்கு முன் எல்லை 1,000 ரூபாய், தாண்டினால் 12. இந்த மாற்றத்தோடு 4.6.0 என்ற வெர்ஷனை 21ஆம் தேதி ஞாயிறு இரவு அனுப்பிவிட்டுத் தூங்கப் போனோம்.

மறுநாள் மதியம் போன். "தம்பி, 1,400 ரூபா சட்டை ஒண்ணு போட்டா 5 வருது. ரெண்டு போட்டா 18 வருதே, என்னப்பா இது?"

ஒரு பீஸின் விலையை 2,500 உடன் ஒப்பிடுவதற்குப் பதில், எண்ணிக்கையால் பெருக்கிய தொகையை ஒப்பிட்டிருந்தோம். 2,800க்கு 140 ரூபாய் வரி வரவேண்டிய இடத்தில் 504 வந்தது. எங்கள் சோதனைப் பில்கள் எல்லாவற்றிலும் எண்ணிக்கை 1. அதனால் கண்ணில் படவே இல்லை.

அடுத்த 2 நாளில் நாங்கள் செய்ததில் பாதி சரி, பாதி தப்பு. அதற்குப் பிறகு எங்களிடம் வந்து சேர்ந்த பிள்ளைகளும் அதே இடங்களில்தான் தடுமாறுகிறார்கள். தடுமாறும் வரிசையிலேயே எழுதியிருக்கிறேன். பெரிய நிறுவனங்களுக்கு இதற்கெல்லாம் தனி ஆள் உண்டு. இது சின்னக் குழுக்களுக்கு.

1. பிரச்சினை வருவதற்கு முன்பே கையில் இருக்க வேண்டியவை

வெளியே போகும் ஒவ்வொரு ரிலீஸுக்கும் கிட்டில் (கோடு, அதாவது புரோகிராம் வரிகள், மாறிய வரலாற்றைச் சேமிக்கும் கருவி) ஒரு டேக் (வரலாற்றில் அந்த இடத்துக்கு ஒரு பெயர்க் குறி) போட்டிருக்க வேண்டும். யார், என்று, எதற்காக என்ற குறிப்போடு போடும் டேக் நல்லது. கடையில் ஓடுவது எந்தக் கோடு என்ற கேள்விக்கு ஒரே நிமிடத்தில் பதில் தெரியாவிட்டால் மேற்கொண்டு எதுவும் செய்ய முடியாது.

பழைய இன்ஸ்டாலர் கோப்புகளை அப்படியே எடுத்து வைத்திருங்கள். "கோடு இருக்கிறதே, திரும்ப பில்ட் பண்ணிக்கொள்ளலாம்" என்று எல்லோரும் சொல்வார்கள். 6 மாதம் கழித்துப் பில்ட் செய்தால் இடையில் லைப்ரரிகள் (பிறர் எழுதி நாம் சேர்த்துக்கொள்ளும் கோடு) மாறியிருக்கும், கம்பைலர் (கோடை ஓடும் கோப்பாக மாற்றும் கருவி) மாறியிருக்கும். வருவது பழைய கோப்பு மாதிரி இருக்கும், பழைய கோப்பாக இருக்காது.

வெர்ஷன் நம்பர் லாகின் திரையிலேயே தெரியட்டும். உதவி மெனுவுக்குள் ஒளித்து வைத்தால் கல்லாவில் இருப்பவருக்குப் போனில் வழி சொல்லியே 5 நிமிடம் போய்விடும். இன்னொன்று, ஒவ்வொரு பில்லும் டேட்டாபேஸில் பதிவாகும்போது எந்த வெர்ஷனில் போட்டது என்பதும் கூடவே பதிவாகட்டும். இது எங்களிடம் அப்போது இல்லை. தப்பான பில்களைப் பிரித்தெடுக்க நேரத்தை வைத்துக் குத்துமதிப்பாகத் தேட வேண்டியிருந்தது.

அப்புறம் பேக்கப். அப்டேட் ஓடுவதற்குச் சற்று முன் தானாக எடுக்க வேண்டும். அதை ஒருமுறையாவது திரும்ப ஏற்றிப் பார்த்திருக்கவும் வேண்டும்.

2. முதலில் நிறுத்துங்கள், நிறுத்தினால் என்ன மிஞ்சும் என்றும் பாருங்கள்

போன் வந்ததும் புதியவர்கள் செய்வது கோடைத் திறப்பது. பக்கை, அதாவது கோடில் உள்ள பிழையை, தேடிக்கொண்டிருக்கும் அரை மணி நேரத்தில் இன்னும் 10 கடைகள் கம்ப்யூட்டரைப் போட்டு, அப்டேட்டை வாங்கிக்கொள்ளும். அதனால் திருத்தம் அப்புறம். முதலில் குழாயை மூடுங்கள்.

எங்கள் சாப்ட்வேர் திறக்கும்போதெல்லாம் சர்வரில் உள்ள ஒரு சின்னக் கோப்பைப் படிக்கும். அதில் கடைசி வெர்ஷன் நம்பர் இருக்கும். அதை 4.5.3 என்று பழையபடி மாற்றினால் போதும், புதிதாக யாருக்கும் 4.6.0 போகாது. ஆண்ட்ராய்டு ஆப் என்றால், பிளே ஸ்டோரில் படிப்படியாக வெளியிட்டுக்கொண்டிருக்கும் ரிலீஸை நிறுத்திவைக்க வசதி உண்டு. இரண்டிலும் ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது: ஏற்கெனவே வாங்கியவர்களிடம் அது அப்படியேதான் இருக்கும். நிறுத்துவது வேறு, திரும்பப் பெறுவது வேறு.

தப்பான இன்ஸ்டாலரைக் கோபத்தில் அழித்துவிடாதீர்கள். வேறு ஃபோல்டருக்கு நகர்த்துங்கள். என்ன அனுப்பினோம் என்பதற்கு அது ஒன்றுதான் சாட்சி.

இனி நாங்கள் சறுக்கிய இடம். போன் வந்த 5 நிமிடத்தில் நான் 4.6.0ஐ நிறுத்திவிட்டேன். நல்ல வேகம் என்று நானே மெச்சிக்கொண்டேன். அன்றைக்குத் தாமதமாகக் கடை திறந்த மேலூர்க்காரர் ஒருவருக்கு அதனால் 4.5.3 தான் ஓடியது. அதில் எல்லை 1,000 ரூபாய் என்று கோடுக்குள்ளேயே எழுதியிருந்தோம் (அதுவும் எங்கள் தவறுதான், அது செட்டிங்கில் இருந்திருக்க வேண்டும்). 1,400 ரூபாய் சட்டை ஒன்றே ஒன்று விற்றாலும் 12 சதவீதம் போட்டது. அதாவது 4.6.0 சில பில்களில் தப்பு, 4.5.3 அன்றைய தேதிக்குப் பெரும்பாலான பில்களில் தப்பு. ஒரு மணி நேரத்தில் 4.6.0ஐ மறுபடி திறந்துவிட வேண்டியதாயிற்று.

பத்தில் ஒன்பது தடவை யோசிக்காமல் நிறுத்துவதுதான் சரி. ஆனால் சட்டமோ விகிதமோ தேதி போட்டு மாறும் நாளில், பழைய வெர்ஷனும் அன்றிலிருந்து தப்பான வெர்ஷன்தான். நிறுத்துவதற்கு முன் 10 விநாடி அதை மட்டும் யோசியுங்கள்.

3. கைவைத்தியம் சொல்லுங்கள், கூடவே கணக்கெடுங்கள்

திருத்தம் வரும்வரை கடை ஓட வேண்டும். எங்கள் பக்குக்கு ஒரு சுலபமான வழி இருந்தது. ஒரே சட்டை 2 என்றாலும் எண்ணிக்கையில் 2 என்று போடாமல், தனித்தனியாக 2 முறை பார்கோடு அடித்துத் தனி அயிட்டமாகச் சேர்த்தால் வரி சரியாக வரும். வாட்ஸ்அப் குரூப்பில் இப்படிப் போட்டோம்:

"வணக்கம். புது வெர்ஷன் 4.6.0இல் ஒரு தவறு உள்ளது. ஒரே துணி ஒன்றுக்கு மேல் எடுத்து, தொகை 2,500ஐத் தாண்டினால் வரி கூடுதலாக வருகிறது. திருத்தம் வரும்வரை ஒவ்வொரு பீஸையும் தனி அயிட்டமாகப் போடுங்கள். உங்கள் லாகின் திரையில் தெரியும் வெர்ஷன் நம்பரைப் போட்டோ எடுத்து இங்கே அனுப்புங்கள். தவறு எங்களுடையது."

இதில் என்ன தவறு, அந்தத் தவறு எப்போது நேரும், இப்போது என்ன செய்வது, எங்களுக்கு என்ன வேண்டும் ஆகிய நான்கும் இருக்கின்றன. "தொழில்நுட்பக் காரணங்களால்" என்று ஆரம்பிக்கும் செய்தியைக் கடைக்காரர் யாரும் இரண்டாவது வரிக்கு மேல் படிப்பதில்லை.

போட்டோ கேட்டதற்குக் காரணம் உண்டு. "எந்த வெர்ஷன் அண்ணே?" என்று கேட்டால் "இப்ப வந்ததுதான்பா" என்பார்கள். அது நேற்று வந்ததாகவும் இருக்கலாம், போன பொங்கலுக்கு வந்ததாகவும் இருக்கலாம். சில கடைகளில் அப்டேட் இறங்கியிருக்கும். சாப்ட்வேரை மூடித் திறக்காததால் பழையதே ஓடிக்கொண்டிருக்கும். நம்பரைக் கண்ணால் பார்க்காமல் பட்டியலில் எழுதாதீர்கள்.

ஒரு தாளில் கடை, கவுன்டர், வெர்ஷன் என்று எழுதிக்கொள்ளுங்கள். கவுன்டர் முக்கியம். ஒரே கடையில் 3 கல்லா இருந்தால் மூன்றிலும் ஒரே வெர்ஷன் இருக்கும் என்று சொல்ல முடியாது.

4. பின்னால் போவதா, முன்னால் போவதா

பழைய வெர்ஷனுக்கே திரும்புவது பாதுகாப்பானது என்று முதலில் தோன்றும். கோடு மட்டும் மாறியிருந்தால் அது உண்மைதான். ஆனால் கடையில் இருப்பது கோடு மட்டுமல்ல, காலையிலிருந்து போட்ட பில்களும்தான்.

புது வெர்ஷன் டேட்டாபேஸை என்ன செய்தது என்று பாருங்கள். திரையும் பிரிண்டும் மட்டும் மாறியிருந்தால் தாராளமாகப் பின்னால் போகலாம். ஒரு டேபிளில் புதிதாக ஒரு காலம் (நெடுவரிசை) சேர்த்திருந்தால், பழைய கோடு பெரும்பாலும் அதைக் கண்டுகொள்ளாது. 'பெரும்பாலும்' என்றதற்குக் காரணம், காலம் பெயர்களைக் குறிப்பிடாமல் வரிசையை நம்பிப் பதிவு செய்யும் பழைய கோடு அந்த இடத்தில் உடையும். ஒரு காலத்தின் பெயரை மாற்றியிருந்தால், நீக்கியிருந்தால், அல்லது அதே காலத்தில் வேறு அர்த்தத்தில் எண்களை எழுத ஆரம்பித்திருந்தால் பின்னால் போகாதீர்கள். கடைசியில் சொன்னது ரொம்ப மோசம். எர்ரர் எதுவும் வராது, கணக்கு மட்டும் அமைதியாகத் தப்பாகும்.

"அப்டேட்டுக்கு முந்தின பேக்கப்பை ஏற்றிவிட்டால்?" என்று ஒவ்வொரு முறையும் யாராவது கேட்பார்கள். ஏற்றினால் அன்றைய பில்கள் போய்விடும். அதைவிடப் பெரிய சிக்கல், பில் நம்பர் காலையில் இருந்த இடத்துக்குத் திரும்பிவிடும். காலையில் ஒரு வாடிக்கையாளரிடம் கொடுத்த அதே நம்பரில் மாலையில் இன்னொருவருக்குப் பில் போகும். ஜிஎஸ்டி விதி 46இன்படி பில் நம்பர் தொடர் எண்ணாக, 16 எழுத்துகளுக்கு மிகாமல், அந்த நிதியாண்டில் திரும்ப வராததாக இருக்க வேண்டும். நீங்கள் பேக்கப் ஏற்றிய வேகத்தில் கடைக்காரர் ஆடிட்டரிடம் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

எங்கள் விஷயத்தில் டேட்டாபேஸ் தடையாக இல்லை, வரி விகிதம்தான் தடை. பின்னால் போக வழியே இல்லாததால் முன்னால் போனோம். வேறொரு சமயம், ஸ்டாக் எண்ணும் ஆண்ட்ராய்டு ஆப்பில் ஒரு திரை தொங்கியபோது பழைய கோடுக்கே திரும்பினோம். அதையும் புது நம்பரில்தான் அனுப்பினோம். ஏன் என்பது அடுத்த பகுதியில்.

5. நம்பர்

கடைக்காரர் ஒருவரிடம் பில் நம்பர் 871ஐத் தப்பாகப் போட்டுவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். 871ஐ ரத்து என்று குறித்துவிட்டு 872 போடுவார். 871ஐக் கிழித்துவிட்டு இன்னொரு 871 எழுத மாட்டார். வெளியே போன நம்பர் போனதுதான். வெர்ஷன் நம்பரும் இதேதான். செமான்டிக் வெர்ஷனிங் என்று வெர்ஷன் நம்பருக்குப் பலரும் பின்பற்றும் விதிகளிலும் இது உண்டு: ஒரு நம்பரில் வெளியிட்டபின் உள்ளே இருப்பதை மாற்றக் கூடாது, எந்த மாற்றமானாலும் புது நம்பரில்தான் வர வேண்டும்.

எங்கள் குழுவில் ஒருவர் அன்று மாலை 2 வரியைத் திருத்தி, அதே 4.6.0 என்ற பெயரில் பில்ட் செய்து, பழைய கோப்பின் மேலேயே ஏற்றிவிட்டார். "ரெண்டு வரிக்கு எதுக்கு அண்ணே புது நம்பர்?" என்றார். விளைவு: ஏற்கெனவே 4.6.0 வைத்திருந்த கடைகளின் அப்டேட்டர் "நம்மிடம் 4.6.0 இருக்கிறதே" என்று சும்மா இருந்துவிட்டது. யாருக்குத் திருத்தம் தேவையோ அவர்களுக்குப் போகவில்லை. அதன்பின் புதிதாக இறக்கிய 3 கடைகளுக்கு மட்டும் திருத்திய 4.6.0 போனது. இப்போது ஊரில் 2 வகை 4.6.0. போனில் ஒருவர் "4.6.0" என்று சொன்னால் அது எது? இன்ஸ்டாலரின் அளவைப் பார்த்துச் சொல்லச் சொல்லி அன்றிரவு 10 மணிவரை பேசிக்கொண்டிருந்தோம்.

ஆகவே 4.6.1. ஏன் 4.7.0 இல்லை? மூன்றாவது எண் மட்டும் மாறினால் திருத்தம் மட்டும்தான், புதிதாக எதுவும் கற்க வேண்டாம் என்று கடைக்காரர் புரிந்துகொள்வார். இரண்டாவது எண் மாறினால் "திரும்ப எதையோ மாத்திட்டாங்க" என்று தள்ளிப்போடுவார். தீபாவளி வியாபாரம் தொடங்கும் நேரத்தில் அந்தத் தள்ளிப்போடல் நியாயம்தான். அதனால்தான் திருத்த ரிலீஸில் புது வசதி எதையும் செருகக் கூடாது.

முதல் எண்ணுக்கு எங்கள் குழு ஒரு தனி அர்த்தம் வைத்திருக்கிறது: அது மாறினால் பழைய வெர்ஷனுக்குத் திரும்ப முடியாத அளவு டேட்டா மாறியிருக்கிறது. லைப்ரரி எழுதுபவர்களுக்கு அந்த எண்ணின் அர்த்தம் வேறு. பழைய அழைப்புகள் உடையும் என்பதற்கான எச்சரிக்கை அது. கடை சாப்ட்வேருக்கு இந்த அர்த்தம்தான் உதவுகிறது என்பது என் கருத்து. நள்ளிரவில் ரோல்பேக் செய்யலாமா என்ற கேள்விக்கு நம்பரே பதில் சொல்லிவிடும்.

அடிக்கடி பார்க்கும் தப்புகள் சில.

4.6.0க்குப் பின்னால் ஒரு சிறு கோடு (-) போட்டு 'பிக்ஸ்' என்று சேர்ப்பது. பார்த்தால் 4.6.0க்கு அடுத்தது மாதிரி இருக்கும். செமான்டிக் வெர்ஷனிங்கில் சிறு கோட்டுக்குப் பின் வருவது முன்னோட்ட வெளியீட்டைக் குறிக்கும். ஆல்பா, பீட்டா எல்லாம் அப்படித்தான் எழுதப்படுகின்றன. அதன்படி 4.6.0-பிக்ஸ் என்பது 4.6.0க்கு முந்தியது. விதியை ஒழுங்காகப் பின்பற்றும் அப்டேட்டர் அதைத் தொடவே தொடாது. சிறு கோட்டுக்குப் பதில் கூட்டல் குறி போட்டாலும் பயனில்லை. கூட்டல் குறிக்குப் பின் வருவதை எது முந்தியது என்று பார்க்கும்போது கணக்கிலேயே எடுக்க மாட்டார்கள்.

நான்காவது எண் சேர்த்து 4.6.0.1 என்பது. விண்டோஸின் எம்எஸ்ஐ இன்ஸ்டாலர் பழைய வெர்ஷனா புதியதா என்று பார்க்கும்போது முதல் மூன்று எண்களை மட்டுமே பார்க்கும். அதற்கு 4.6.0உம் 4.6.0.1உம் ஒன்றுதான். எங்களுக்குத் தெரிந்த ஒரு பையன் இதனாலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தான்.

நம்பரை எழுத்துச் சரமாக ஒப்பிடுவது. 4.10.0 பெரியதா, 4.9.0 பெரியதா? எழுத்து எழுத்தாகப் பார்க்கும் கோடுக்கு 1 என்பது 9க்கு முந்தியது, அதனால் 4.9.0 பெரியது. புள்ளியில் பிரித்து, எண்களாக மாற்றி ஒப்பிட வேண்டும். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. ஒப்பிடும் வேலையைச் செய்வது நீங்கள் அனுப்பப்போகும் புது வெர்ஷன் அல்ல, கடையில் ஏற்கெனவே உள்ள பழைய வெர்ஷன். அதனால் இந்தத் திருத்தம் 4.10.0 வருவதற்கு முன்பே எல்லாக் கடைக்கும் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். 4.9இல் நின்றுகொண்டு இதைக் கண்டுபிடித்தால், 4.10ஐ விட்டுவிட்டு 5.0.0க்குத் தாவுங்கள். எழுத்தாகப் பார்த்தாலும் எண்ணாகப் பார்த்தாலும் அது பெரியது.

ஆண்ட்ராய்டில் 2 நம்பர்கள் உண்டு. ஒன்று பயனர் பார்க்கும் பெயர், அதில் எதை வேண்டுமானாலும் எழுதலாம். இன்னொன்று வெர்ஷன் கோடு என்ற முழு எண். சிஸ்டம் பார்ப்பது அதைத்தான். அது ஒவ்வொரு முறையும் ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். பழைய கோடுக்கே திரும்புவதானாலும் எண் மேலேதான் போக வேண்டும். குறைந்த எண் உள்ளதைப் பழைய ஆப்பின் மேல் சாதாரணமாக நிறுவ முடியாது. ஸ்டாக் ஆப்பைப் புது நம்பரில் அனுப்பியது இதனால்தான். ஒருமுறை பிளே ஸ்டோரில் ஏற்றிய வெர்ஷன் கோடு எண்ணை, யாருக்கும் வெளியிடாவிட்டாலும், மறுபடி பயன்படுத்த முடியாது. உச்சவரம்பு 210 கோடி. ஆண்டு, மாதம், தேதி, அதோடு 2 இலக்கத் தொடர் எண் என்று 10 இலக்கம் வைத்தால் வரம்புக்குள் அடங்கும். மணியும் நிமிடமும் சேர்த்து 12 இலக்கமாக்கினால் ஏற்காது.

நம்பர் வீணாகிறதே என்று சிலர் வருத்தப்படுவார்கள். நம்பருக்குக் காசா பணமா? 4.6.1 எங்கள் மேசையைத் தாண்டியபின் அதிலும் பிழை தெரிந்தால் 4.6.2 போடுங்கள். 4.6.1 என்று எந்தக் கடையிலும் இல்லாமலே போகட்டும்.

6. திருத்தத்தை எங்கிருந்து வெட்டுவது

4.6.0 டேக் இருக்கும் இடத்திலிருந்து புது பிராஞ்ச் (கோடின் தனிக் கிளை) எடுங்கள். மெயினிலிருந்து (எல்லோரும் வேலை செய்யும் முதன்மைக் கிளை) எடுக்காதீர்கள். ரிலீஸுக்கு அப்புறம் மெயினில் யாராவது வேறு வேலை தொடங்கியிருப்பார்கள். எங்களிடம் அன்று மெயினில் தவணைக் கணக்குத் திரை ஒன்று அரைகுறையாக இருந்தது. அதுவும் சேர்ந்து போயிருந்தால் செவ்வாய்க்கிழமை வேறு போன் வந்திருக்கும்.

திருத்துவதற்கு முன், பக்கைக் காட்டும் டெஸ்ட் ஒன்றை எழுதுங்கள். 1,400 ரூபாய் சட்டை 2, எதிர்பார்க்கும் வரி 140. அது தோற்பதைப் பாருங்கள். அதன்பின் திருத்தி, ஜெயிப்பதைப் பாருங்கள். தோற்று நாம் பார்க்காத டெஸ்ட் எதைச் சோதிக்கிறது என்றே தெரியாது. கூடவே 2,500 சரியாக, 2,501, எண்ணிக்கை 3, தள்ளுபடி போட்டபின் எல்லைக்குக் கீழே வரும் விலை என்று ஓரங்களையும் சேர்த்தோம். கடைசியில் சொன்னதில் இன்னொரு பக் அகப்பட்டது. அதையும் 4.6.1இல் சேர்ப்பதா என்று வாக்குவாதம் வந்தது. அதுவும் தப்பான வரிதான் என்பதால் சேர்த்தோம். திரையின் நிறம் மாதிரி ஏதாவதாக இருந்திருந்தால் சேர்த்திருக்க மாட்டோம்.

திருத்த கமிட்டை (கிட்டில் பதிவான அந்த மாற்றத்தை) செர்ரி பிக் செய்து, அதாவது அதை மட்டும் எடுத்து, மெயினுக்கும் கொண்டுபோங்கள், அன்றே. இதை மறந்தால் 4.7.0இல் அதே பக் உயிரோடு திரும்பி வரும். "போன தடவைதானே சரி பண்ணீங்க?" என்ற கேள்விக்கு முகம் கொடுப்பது கஷ்டம்.

7. ஒரு கடை, 5 கடை, அப்புறம் எல்லாக் கடையும்

4.6.1ஐத் திங்கள் இரவு கடை சாத்தும் நேரத்தில் விளக்குத்தூண் அருகே ஒரே ஒரு கடைக்குப் போட்டோம். நாங்களே நேரில் போய் உட்கார்ந்து, அன்று காலையில் தப்பாக வந்த பில்களைச் சோதனைக் கணக்கில் மறுபடி போட்டுப் பார்த்தோம். செவ்வாய் காலை 5 கடை. அதில் 3 கல்லா உள்ள கடை ஒன்றும், விண்டோஸ் பழையதாக இருக்கும் கடை ஒன்றும் இருக்கும்படி பார்த்துக்கொண்டோம். எல்லாம் ஒரே மாதிரிக் கடைகளாக எடுத்தால் ஐந்தும் ஒன்றும் ஒன்றுதான். புதன் காலையில் மற்ற எல்லோருக்கும்.

அவசரம் என்று எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பத் தோன்றும். ஒரு தப்பைத் திருத்தும் அவசரத்தில் செய்யும் ரிலீஸில்தான் அடுத்த தப்பு நுழையும். கைவைத்தியம் கையில் இருக்கும்போது 1 நாள் தாமதம் பெரிய விஷயமில்லை.

வெள்ளி, சனி மாலைகள் வேண்டாம். தீபாவளிக்கு முந்தைய 10 நாள், சித்திரைத் திருவிழா நாட்கள், இவற்றில் திருத்தம் தவிர எதையும் அனுப்பக் கூடாது என்று இப்போது எழுதியே வைத்திருக்கிறோம்.

இன்னொரு முன்னேற்பாடு, அப்டேட்டர் தனி புரோகிராமாக, முதன்மை சாப்ட்வேருக்கு முன்னால் ஓட வேண்டும். சாப்ட்வேருக்குள்ளேயே அது இருந்தால், திறக்கும்போதே உடையும் வெர்ஷன் ஒன்று போய்விட்டால் திருத்தம் உள்ளே போக வழியில்லை. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு சாப்ட்வேர் நிறுவனம் அனுப்பிய ஒரு கோப்பால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்ததாக மைக்ரோசாஃப்ட் கணக்குச் சொன்னது. தப்பான கோப்பை 78 நிமிடத்தில் மாற்றிவிட்டார்கள். ஆனால் கணினி எழுந்து நின்றால்தானே புதுக் கோப்பை வாங்க முடியும்? பெரும்பாலானவற்றை ஆட்கள் நேரில் போய் ஒவ்வொன்றாகச் சேஃப் மோடில் திறந்து சரிசெய்ய வேண்டியதாயிற்று. நமக்கு 60 கடைதான், ஆனால் உசிலம்பட்டிக்கும் மேலூருக்கும் ஒரே நாளில் பஸ் ஏறுவது நாம்தான்.

8. தப்பாகப் போன பில்கள்

சாப்ட்வேர் சரியானதும் வேலை முடிந்தது என்று புரோகிராமர் நினைப்பார். கடைக்காரருக்கு அப்போதுதான் வேலை தொடங்கும்.

பழைய பில்களை டேட்டாபேஸுக்குள் நேரடியாகத் திருத்தும் ஸ்கிரிப்ட் எழுதாதீர்கள். வாடிக்கையாளர் கையில் உள்ள தாளும் கணக்கில் உள்ளதும் வேறு வேறாகிவிடும். கூடுதலாக வரி போட்டிருந்தால் கிரெடிட் நோட் என்ற வழி சட்டத்திலேயே இருக்கிறது. உங்கள் வேலை, பாதிக்கப்பட்ட பில்களின் பட்டியலை ஒவ்வொரு கடைக்கும் எடுத்துத் தருவது: பில் நம்பர், தேதி, போட்ட வரி, வந்திருக்க வேண்டிய வரி, வித்தியாசம். எதை எப்படிச் சரிக்கட்டுவது என்பதை அவர்கள் ஆடிட்டர் சொல்வார். அந்த இடத்தில் நாம் வாயைத் திறக்காமல் இருப்பது நல்லது.

நிறுத்திவைத்த ஒரு மணி நேரத்தில் 12 சதவீதம் போட்ட மேலூர்க் கடையையும் பட்டியலில் சேர்க்க மறந்துவிடாதீர்கள். நாங்கள் முதலில் மறந்தோம்.

9. பழைய நம்பரை மறைக்காதீர்கள், மூடுங்கள்

மாற்றப் பட்டியலில் 4.6.0 என்ற வரியை அழிக்காமல், பக்கத்தில் 'திரும்பப் பெறப்பட்டது' என்று எழுதி, காரணத்தை ஒரு வரியில் சொல்லுங்கள். டேக்கையும் அழிக்காதீர்கள், வேறு கமிட்டுக்கு நகர்த்தவும் செய்யாதீர்கள். மற்றவர்கள் ஏற்கெனவே இறக்கிய பிரதியில் அது பழைய இடத்திலேயே இருக்கும். அப்புறம் ஒரே பெயருக்கு 2 பொருள்.

நீங்கள் எழுதுவது லைப்ரரி என்றால் இதற்கான வசதிகள் அங்கேயே உண்டு. பைத்தான் மொழியின் லைப்ரரிக் களஞ்சியமான பைபிஐயில் ஒரு வெர்ஷனை 'யாங்க்' செய்யலாம்: அந்த வெர்ஷனையே குறிப்பிட்டுக் கேட்பவருக்குக் கிடைக்கும், பொதுவாகக் கேட்பவருக்குத் தேர்வாகாது. ஜாவாஸ்கிரிப்டின் களஞ்சியமான என்பிஎம்மில் எச்சரிக்கை போட்டு வைக்கலாம். நீக்கினாலும் அதே பெயர், அதே நம்பரில் மறுபடி வெளியிட அது விடாது. கோ மொழியில் 1.16 முதல் ஒரு வெர்ஷனைத் திரும்பப் பெறுவதாக அறிவிக்க வழி இருக்கிறது. எல்லாரும் அழிப்பதைத் தவிர்த்துக் குறியிடுவதைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

கடைசியாக, குறைந்தபட்ச வெர்ஷன் என்று ஒரு எண்ணைச் சர்வர் கோப்பில் வையுங்கள். அதற்குக் கீழே உள்ளவை திறக்கும்போது அப்டேட் ஆன பின்தான் பில் போட விட வேண்டும். ஆனால் முதல் நாளே இதை 4.6.1 ஆக்கிவிடாதீர்கள். இன்டர்நெட் விட்டுவிட்டு வரும் கடையில் கல்லாவே பூட்டிக்கொள்ளும். மூன்றாம் பகுதியில் எழுதிய தாளில் எல்லாக் கவுன்டரும் 4.6.1 ஆனபின் உயர்த்துங்கள்.

எங்கள் தாளில் கடைசி வரை 4.6.0 என்றே இருந்தது உசிலம்பட்டிக் கடை ஒன்றின் இரண்டாம் கவுன்டர். கூட்டம் வந்தால் மட்டும் திறப்பார்களாம். 18 நாள் கழித்து, தீபாவளிக்கு ஆள் சேர ஆரம்பித்ததும் அதைத் துணி போட்டு மூடியிருந்ததிலிருந்து எடுத்துத் தட்டினார்கள். திரையின் போட்டோ வந்தது: 4.6.1. அன்று மாலைதான் குறைந்தபட்ச எண்ணை உயர்த்தினேன்.